பிஸ்தா பச்சை

சித்திரை. ஆர்டர் இல்லாத வாரம்.
கம்பெனி ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
நாங்கள் மூவரும் அதற்குள்
கோபி பஸ்ஸில் இடம்பிடித்துவிட்டோம்.

கணக்கம்பாளையத்தில் பஸ் திரும்பிப் போனபின்
எங்களோடு இறங்கி நின்றது வெயில்.
வாட்ச்சர் நோட்டில் பேர் எழுதிக்கொண்டார்:
ரங்கநாயகி, சம்பூர்ணம், பினோதினி.
"மூணு மணிக்குள்ள எறங்கிருங்க.
அப்பறம் பள்ளத்துத் தண்ணிக்கு அவங்க வருவாங்க."
அவங்க என்றால் யாரென்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

சம்பூர்ணம் பையில் புளிச்சோறு,
தண்ணி பாட்டில் நாலு,
ஒரு கத்தை பனியன் வேஸ்ட்.
தடம் பிரியும் இடமெல்லாம்
கிளைக்கொரு கிழிசல் கட்டினாள்.
குடைவேலில் நேவி ப்ளூ.
ஊஞ்சையில் மெரூன்.
கடைசியாக, பேர் தெரியாத ஒரு முள்ளில்
கப்பலேறாமல் திரும்பி வந்த
பிஸ்தா பச்சை.

நாள் முழுக்க விளக்கடியில் நின்று
ஓட்டை தேடிப் பழகிய கண்
காட்டிலும் அதையே தேடியது:
புழு தின்ற இலை, உரிந்த பட்டை,
தையல் விட்ட சிலந்தி வலை.
"அத்தனையும் ரிஜெக்ட்டு" என்றாள் சம்பூர்ணம்.
சிரித்ததில் மூச்சு வாங்கியது.

கரடு ஏற ஏற
நிழலை எண்ணி எண்ணிக் கொடுத்தது காடு,
சனிக்கிழமைச் சம்பளம் மாதிரி.
வெக்காலியில் ஓர் இலை இல்லை.
சருகில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிறது.
எங்கள் சத்தத்துக்கு நாங்களே திரும்பிப் பார்த்தோம்.

பினோதினி ஒடிசாக்காரி.
எட்டு மாதமாய்ப் பக்கத்து மேஜை.
அவளுக்குத் தெரிந்த தமிழ்:
சரி, கறை, ஓட்டை, சம்பளம், டீ.
முன்னால் போனவள் நின்றாள்.
மூக்கைத் தூக்கினாள்.
தடத்தைவிட்டு இறங்கி, புதரை ஒதுக்கி,
ஒரு மரத்தடியில் உட்கார்ந்தே விட்டாள்.
தரையெங்கும் வெளிறிய மஞ்சளில்
தடித்த சின்னப் பூக்கள்.
"மஹுலா" என்றாள்.
"இலுப்பையாட்ட இருக்குது" என்றாள் சம்பூர்ணம்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.
ஏழாம் வகுப்பில் இதை எழுதி
முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.
பூவை இன்றுதான் பார்க்கிறேன்.
எங்கள் ஊரில் ஆலையைத் தவிர என்ன இருக்கிறது?
ஒன்றை வாயில் போட்டேன்.
சர்க்கரை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.
பழைய வெல்லம், கொஞ்சம் எலிநாற்றம்.

பினோதினி பேச ஆரம்பித்தாள்.
பத்து நிமிஷம். ஒரு சொல் புரியவில்லை.
கையால் கூடை காட்டினாள்,
கரடி காட்டினாள்,
தள்ளாடி நடக்கும் யாரோ ஒருத்தரைக் காட்டினாள்.
பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.
சம்பூர்ணம் புளிச்சோற்றைப் பிரித்தாள்.
வேறென்ன செய்ய.

இறங்கும்போது பிஸ்தா பச்சையைக் காணோம்.
காற்றோ குரங்கோ.
பேர் தெரியாத முள் இப்போது நாற்பது இருந்தது,
எல்லாம் ஒரே முள்.
மணி ரெண்டரை.
கீழே எங்கோ ஒரு கிளை முறிந்தது.
மூன்று பேரும் ஒரே கையைப் பிடித்துக்கொண்டோம்,
அது யார் கை என்று தெரியாமல்.

எடுத்தது ஆட்டுத்தடம்.
முட்டி தேய்ந்து, கிளுவை வேலிக்கடியில் நுழைந்து
எழுந்து நின்றால்
ஆளுயரக் கரும்பு.
தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தவர்
மம்பட்டியை ஊன்றிக் கேட்டார்:
"எக்கட்டிருந்துங்க வர்றீங்க?"
தார்ரோட்டில் சுற்றிக்கொண்டு போனபோது
நாலேகால்.
வாட்ச்சர் ஒன்றும் பேசவில்லை.
எங்கள் பேர்களை அழுத்தி அடித்தார்,
தாள் கிழிந்தது.

மற்ற கிழிசல்கள் காட்டிலேயே.
அடுத்த வாரம் வந்து அவிழ்க்கிறோம் என்று
அவரிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசி பஸ். ஜன்னலோரம் பினோதினி.
துப்பட்டா நுனியில் இறுக்கிய முடிச்சு.
கண்டக்டர் மூக்கைச் சுளித்து
சீட் சீட்டாய் முகர்ந்து வந்தார்.
"என்ன வாசம்ங்க இது? யார் பையில?"

முடிச்சை மூடிக்கொண்டு
தெரிந்த ஐந்தில் ஒன்றைத்
தேடி எடுத்துச் சொன்னாள்:
"டீ."